விபத்துகள்: இன்மை

காலை உடைத்துக்கொண்டு படுத்திருக்கிறவளைப் பார்க்க வருகிறவர்கள் முதலில் கேட்பது "வலி எப்படி இருக்கு?" என்று அல்ல. "எப்படி விழுந்தீங்க?" என்றுதான். இந்தக் கேள்விக்கு இதுவரை மூன்று விதமாகப் பதில் சொல்லியிருக்கிறேன். அதில் இரண்டு பொய். உண்மையை இங்கே எழுதி வைத்துவிடுகிறேன். இனி வருகிறவர்கள் இதைப் படித்துவிட்டு, கொண்டுவந்த ஆரஞ்சுப் பழத்தை மேஜைமேல் வைத்துவிட்டுப் போகலாம்.

என் பெயர் ஸ்டெல்லா. ஐம்பத்திரண்டு வயது. கடலூரில் ஓர் அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளர். எந்தத் துறை என்று கேட்காதீர்கள், சொன்னால் இன்னொரு மெமோ வரும். என் கணவர் அருள்ராஜ் குடிகாடு பக்கம் ஒரு கெமிக்கல் கம்பெனியில் ஷிப்ட் ஆபரேட்டர். தலையில் ஹெல்மெட், காலில் இரும்பு வைத்த ஷூ, கண்ணுக்குக் கண்ணாடி என்று போருக்குப் போவதுபோல் வேலைக்குப் போகிறவர். வீட்டிலும் அப்படித்தான். எங்கள் பாத்ரூமில் ரப்பர் பாய் உண்டு, பிடித்துக்கொள்ளக் கம்பி உண்டு, கதவில் 'தரை ஈரம்' என்று ஓர் அட்டையும் உண்டு. இந்த பாத்ரூமை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

மூன்று வருஷத்துக்கு முன் எல்லா அலுவலகத்திலும் ஒரு பாதுகாப்புப் பொறுப்பாளர் இருக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. அதற்கான கூட்டம் நடந்த அன்று நான் தற்செயல் விடுப்பு. எங்கள் அலுவலகத்தில் யாருக்கும் வேண்டாத வேலை, கூட்டத்துக்கு வராதவர் தலையில்தான் கட்டப்படும். எந்த விதிப் புத்தகத்திலும் இல்லாவிட்டாலும் எல்லா விதிகளையும்விட ஒழுங்காக நடக்கிற விதி இது. மறுநாள் வந்தபோது என் மேஜைமேல் முதலுதவிப் பெட்டியின் சாவியும் ஒரு படிவமும் இருந்தன.

படிவத்தில் பதினான்கு பத்திகள். ஏணி உள்ளதா? ஆம். அலமாரிகள் சுவரோடு பொருத்தப்பட்டுள்ளனவா? ஆம். விபத்துகள்? இன்மை. எனக்கு முன்னால் இருந்தவர் அப்படித்தான் எழுதியிருந்தார், அவருக்கு முன்னால் இருந்தவரும் அப்படித்தான். ஏணி இருப்புப் பதிவேட்டில் இருந்தது. உண்மையான ஏணியை எப்போதோ தேர்தல் வேலைக்கு வேறு அலுவலகத்துக்குக் கொடுத்தார்கள். தேர்தல் முடிந்து, ஜெயித்தவர் தோற்று, தோற்றவர் ஜெயித்தும் ஏணி திரும்பவில்லை. காலாண்டு முடிய இருபது நாள் இருக்கும்போதே தலைமை அலுவலகத்திலிருந்து போன் வந்துவிடும், "ரிப்போர்ட் இன்னும் வரல" என்று. அதனால் நாங்கள் முன்கூட்டியே அனுப்பிவிடுவோம். இன்னும் நடக்காத இருபது நாட்களிலும் விபத்து நடக்கவில்லை என்று நான் கையெழுத்துப் போட்டுத் தருவேன். ஒருமுறைகூட எனக்கு அது தப்பாகத் தோன்றவில்லை.

மார்ச் மாதத்தில் ஒருநாள் பதினொரு மணிக்கு அப்படி ஓர் அறிக்கையை அனுப்பினேன். அலுவலக நகலைக் கோப்பில் வைக்க வேண்டும். பாதுகாப்புக் கோப்பு பதிவறையில், அலமாரியின் உச்சித் தட்டில் இருக்கிறது. வழக்கமாக ஏறி எடுப்பவள் மும்தாஜ். பதிவறை எழுத்தர். அப்பா பணியில் இருக்கும்போதே இறந்துபோனதால் கருணை அடிப்படையில் வேலைக்கு வந்தவள், பரங்கிப்பேட்டையிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவாள். புருஷன் குவைத்தில். அவளுக்கு அப்போது ஐந்தாம் மாதம்.

"குடுங்க மேடம், வச்சிட்டு வந்துடறேன்" என்று பிளாஸ்டிக் நாற்காலியை மேஜைமேல் தூக்கிப் போட்டாள்.

"வயித்துல புள்ளைய வச்சிக்கிட்டு நீ ஏறுவியா? தள்ளு" என்று அதட்டிவிட்டு நானே ஏறினேன். இதை என் பெருந்தன்மை என்று எண்ண வேண்டாம். எனக்கு அதிகாரம் காட்டப் பிடிக்கும்.

கோப்பைத் தொட்டேன். நாற்காலியின் ஒரு கால் மடங்கியது. அலமாரியைப் பிடித்தேன். ஆம் என்று நான் எழுதிக் கொடுத்த அலமாரி சுவரோடு பொருத்தப்படவில்லை, என்னோடு கூடவே வந்தது. நல்லவேளை, எதிர்ச் சுவர் அதைத் தாங்கிக்கொண்டது. நான் தரையில், என்மேல் முப்பது வருஷத்துத் தூசி, கையில் அந்த நகல். மணி பதினொன்று நாற்பது.

முதலுதவிப் பெட்டியைத் திறக்கச் சாவி தேடினார்கள். சாவி என் கைப்பையில். கைப்பை என் பீரோவில். பீரோ சாவி என் இடுப்பில், நான் அலமாரிக்கு அடியில். எல்லாம் திறந்து பார்த்தால் பெட்டிக்குள் ஒரு கத்தரிக்கோல், காய்ந்துபோன களிம்பு, யாரோ மறந்துவைத்த எலுமிச்சை ஊறுகாய். மும்தாஜ் தன் துப்பட்டாவால் காலைச் சுற்றிக் கட்டி, ஆட்டோவில் என் தலையை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். வழியெல்லாம் ஏதோ ஓதிக்கொண்டே வந்தாள். அன்று உருப்படியான முதலுதவி அது ஒன்றுதான்.

ஆட்டோவிலேயே அலுவலரின் போன். எங்கள் அலுவலர் கெட்டவர் அல்ல, ஜூன் மாதம் ஓய்வு பெறுகிறவர். அவ்வளவுதான். "மேடம், ஆபீஸ்ல விழுந்தேன்னு சொல்லிடாதீங்க. இப்பத்தான் இன்மைன்னு அனுப்பிருக்கோம், அதுவும் உங்க கையெழுத்துல. பாத்ரூம்ல வழுக்கிடுச்சின்னு சொல்லிடுங்க."

கடலூர் மருத்துவமனையில் ஒரு சின்னப் பெண் டாக்டர். "எப்படிம்மா விழுந்தீங்க?"

"வீட்ல. பாத்ரூம்ல வழுக்கிட்டேன்."

என் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைப் பார்த்தார். பிறகு என் தலைமுடியில் சிக்கியிருந்த கோப்புக் கயிற்றை விரலால் எடுத்துக் காட்டினார். "இது பாத்ரூம்லயா இருந்தது?"

"ஆபீஸ் வேலைய வீட்டுக்கு எடுத்துட்டுப் போற பழக்கம் எனக்கு" என்றேன். சிரித்துக்கொண்டே நான் சொன்னதையே எழுதிக்கொண்டார். அந்தச் சிரிப்பை மட்டும் எழுதவில்லை.

எக்ஸ்ரேயைக் காட்டி விளக்கினார். கணுக்காலில் இரண்டு பக்கமும் துருத்திக்கொண்டிருக்கும் குமிழ் இருக்கிறதே, அந்த இரண்டுமே உடைந்திருந்தன. அதற்கு 'பைமெல்லியோலர்' முறிவு என்று பெயர். ஒன்று மட்டும் உடைந்தால் மாவுக்கட்டிலேயே சேர்ந்துவிடுமாம். இரண்டும் உடைந்தால் பாதம் பிடிப்பில்லாமல் நகர்ந்துவிடும், அதனால் அறுவை செய்து தகடு வைத்துத் திருகுகளால் முடுக்க வேண்டும். வீக்கம் வடிய ஐந்தாறு நாள் காத்திருக்க வேண்டும். வீக்கத்தோடு அறுத்தால் தைத்த தோல் சேராது.

நாத்தனார் ரீட்டா கீரப்பாளையத்தில் இருப்பதால் அறுவையைச் சிதம்பரத்தில் வைத்துக்கொண்டோம், சாப்பாடு கொண்டுவர வசதி என்று. அந்த வசதி எப்படிப்பட்டது என்று பிறகுதான் தெரிந்தது. மூன்று வேளையும் ஆட்டுக்கால் சூப். உடைந்த காலுக்கு ஆட்டுக்கால்தான் மருந்து என்று அவளுக்கு அசையாத நம்பிக்கை. ஆறு நாளில் எத்தனை ஆடு என் பொருட்டு நடக்க முடியாமல் போனதோ தெரியாது. ஆனால் சித்திரை வெயில் மாதிரி அடித்த அந்த மார்ச் வெயிலில் தூக்குவாளியோடு தினமும் இரண்டு பஸ் மாறி வந்தாளே என்று கடைசிச் சொட்டுவரை குடித்தேன்.

வார்டில் படுத்ததும் உறவுக்காரர்கள் வர ஆரம்பித்தார்கள். பாத்ரூம் கதை எனக்கு முன்னாலேயே சிதம்பரம் வந்து சேர்ந்திருந்தது. என் கணவரை அவர் அண்ணன் தனியாக அழைத்துப் போய், "கம்பெனில அவ்ளோ சேஃப்டி பேசுற, வீட்ல ஒரு பாத்ரூம ஒழுங்கா வச்சிக்கத் தெரியல" என்று கால்மணி நேரம் வகுப்பு எடுத்தார். திரும்பி வந்த என் கணவரின் முகம் சிவந்திருந்தது.

"நம்ம வீட்டு பாத்ரூம்ல வழுக்குச்சின்னு எவன் சொன்னான்?"

"நான்தான் மாமா." என் அத்தை மகன் அவர். கல்யாணமாகி இருபத்தாறு வருஷமாகியும் மாமாதான்.

"ரப்பர் பாய் போட்டது யாரு? கம்பி வச்சது யாரு? அந்த பாத்ரூம்ல யானை குளிச்சாக்கூட வழுக்காது. இருபத்தாறு வருஷம் ஆசிட் நடுவுல நிக்கிறேன், ஒரு கீறல் கெடயாது. நீ பேப்பர் நடுவுல உக்காந்து கால ஒடச்சிக்கிட்டு வந்து எம் பேர கெடுக்குற."

அவர் மனம் நோகக் கூடாது என்று அதன்பின் வந்தவர்களிடம் மாடிப்படியில் விழுந்தேன் என்றேன். எங்கள் வீட்டுக்கு மாடி கிடையாது. அது உறவுக்காரர்கள் எல்லாருக்கும் தெரியும்.

கோபம் இருந்தாலும் மனிதர் என்னை விட்டு நகரவில்லை. கம்பெனி விசிலை என் கழுத்தில் மாட்டிவிட்டு, "தண்ணி வேணும்னா ஒரு தடவ ஊது, வலின்னா ரெண்டு தடவ" என்றார். முதல் நாளே சிஸ்டர் அதைப் பிடுங்கி வைத்துக்கொண்டார். மாமாவே எனக்குத் தலை வாரிப் பின்னிவிட்டார், கம்பெனியில் குழாய் கசியாமல் இருக்க நார் சுற்றுகிற முறையில். மூன்று நாளைக்கு ஒரு முடி கலையவில்லை.

நடுவில் சோதனைகள். ரத்தம், சர்க்கரை, இதயத்துக்கு ஈ.சி.ஜி., மயக்க மருந்து தாங்குவேனா என்று ஒரு டாக்டரின் சான்று. ஒவ்வொரு வரிசையிலும் சக்கர நாற்காலியில் காத்திருந்தேன், ஒவ்வொரு சீட்டிலும் 'எப்படி விழுந்தீர்கள்' என்று ஒரு கட்டம். இன்ஷூரன்ஸ் படிவத்தில் அதே கட்டம் இரண்டு இடத்தில். பொய்யை வாயால் சொல்வது சுலபம். எழுதி எழுதிக் கையெழுத்துப் போடும்போதுதான் உறுத்துகிறது. மூன்று வருஷமாக உறுத்தாத கை அந்த வாரம் உறுத்தியது.

அறுவைக்கு முன் பயந்தேன். கேலி பேசித்தான் பயத்தை மறைப்பேன், அன்று கேலியும் வரவில்லை. உட்காரவைத்து, முதுகை இறால் மாதிரி வளைக்கச் சொல்லி, நடுமுதுகுக்குக் கீழே ஊசி போட்டார்கள். தண்டுவடத்து நரம்புகள் மரத்துப்போகும், விழித்திருப்போம், இடுப்புக்குக் கீழே ஒன்றும் தெரியாது. என் கால்கள் என்னைவிட்டு எங்கேயோ போய்விட்டன. திரைக்கு அந்தப் பக்கம் துளை போடுகிற மெஷின் சத்தம் மட்டும் கேட்டது. ஒரு தகடு, எட்டுத் திருகு. இதில் ரெண்டை அந்த அலமாரியில் அடித்திருந்தால் நான் இங்கே படுத்திருக்க வேண்டியதில்லையே என்று தோன்றியது. சத்தமாகச் சொல்லியிருப்பேன்போல. "என்னம்மா அலமாரி?" என்று கேட்டார் டாக்டர். "ஒண்ணுமில்ல சார், பாத்ரூம் அலமாரி" என்றேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மும்தாஜ் வந்தாள், அவள் அம்மா தேங்காய்ப்பாலும் முட்டையும் ஊற்றிச் செய்த வட்டலப்பத்தோடு. சூப் அல்லாத எதையும் கும்பிடத் தயாராக இருந்தேன்.

"ஒவ்வொரு தொழுகையிலும் உங்களுக்காகத் துவா கேக்குறேன் மேடம்."

"ஆபீஸ் எப்படி இருக்கு?"

"ஆடிட் நடக்குது மேடம். டெய்லி பத்துப் பதினஞ்சு ஃபைல் கேக்குறாங்க. ஏறி எறங்கி இடுப்பு வுட்டுப்போச்சி."

"யாரு ஏறுறது?"

"நான்தான்."

"எதுல?"

"அதே சேர்தான் மேடம். கால் ஒண்ணு மடங்கிடுச்சில்ல, செங்கல் முட்டுக் குடுத்திருக்கோம்."

சாத்துக்குடி உரித்துக்கொண்டிருந்த என் கணவரின் கை நின்றது. நான் வட்டலப்பத்தைக் கீழே வைத்தேன்.

"சார்கிட்ட சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னேன் மேடம். ரெஜிஸ்டர்ல ஏணி இருக்கும்போது புதுசு எப்புடிக் கேக்குறதுன்னாரு. அப்புடியே கேட்டாலும், அங்க இத்தினி வருஷமா ஒரு விபத்தும் இல்லியே, இன்னாத்துக்கு ஏணின்னு மேல கேப்பாங்களாம்." சிரித்துக்கொண்டே வயிற்றைத் தடவினாள். "பாத்து ஏறிக்குவேன் மேடம். இன்ஷா அல்லா ஒண்ணும் ஆவாது."

அவள் போனதும் என் கணவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவர்கள் கம்பெனியில் ஏதாவது நடந்தால் அடியாழம் தெரியும்வரை ஏன், ஏன் என்று கேட்பார்களாம்.

"இப்ப உண்மையச் சொல்லு. ஏன் உழுந்த?"

"சேர் மடங்கிச்சி."

"சேர்ல ஏன் ஏறுன?"

"ஏணி இல்ல."

"ஃபைல் ஏன் அவ்ளோ ஒசரத்துல இருந்திச்சி?"

"யாரும் எடுக்காத ஃபைலத்தான் மேல வைப்போம்."

"சேஃப்டி ஃபைல ஏன் யாரும் எடுக்கல?"

யோசித்தேன். "அதுல ஒண்ணும் இல்ல மாமா. எல்லாப் பக்கமும் இன்மைதான்."

"அத எழுதுனது யாரு?"

உரித்த சாத்துக்குடியை என் கையில் வைத்தார். நான் அழுதேன். வலி என்று நினைத்துச் சிஸ்டர் வந்து மாத்திரை கொடுத்துவிட்டுப் போனார்.

மறுநாள் அலுவலரே வந்தார். ஒரு பை ஆரஞ்சு, தட்டச்சு செய்த விடுப்புக் கடிதம், ஒரு நல்ல செய்தி. கடிதத்தில் 'வீட்டில் வழுக்கி விழுந்ததால்' என்று இருந்தது, கையெழுத்து மட்டும்தான் பாக்கி. நல்ல செய்தி என்னவென்றால், விபத்தில்லாத அலுவலகம் என்று எங்களுக்குக் கேடயம் தரப்போகிறார்களாம்.

"நீங்கதான் மேடம் மேடையில வாங்கணும். வீல் சேர்ல வந்தாக்கூட பரவாயில்ல, நான் தள்ளிக்கிட்டு வர்றேன்."

நான் சிரித்த சிரிப்பில் கட்டிலே ஆடியது. அவரும் பாதி சிரித்துவிட்டார், பிறகு தன் பதவி ஞாபகம் வந்து நிறுத்திக்கொண்டார்.

"சார், அந்தப் படிவம் ஒண்ணு வேணும்."

"எந்தப் படிவம்?"

"பதினாலு பத்தி இருக்குமே, அது. திருத்திய அறிக்கை அனுப்பறேன்."

அவர் முகம் மாறிவிட்டது. "யோசிங்க மேடம். உங்க பேரு ப்ரமோஷன் லிஸ்ட்ல இருக்கு. மெமோ வந்துதுன்னா நிறுத்திடுவாங்க. நானும் ஜூன்ல ரிட்டயர்டு."

"மும்தாஜுக்கு ஜூலைல பிரசவம் சார்."

விடுப்புக் கடிதத்தை நான்காக மடித்தார். கீழே விழுந்தது நான், ஆனால் அன்று அவரைப் பார்க்கத்தான் பாவமாக இருந்தது. பிறகு தன் பையிலிருந்து பேனாவை எடுத்து என்னிடம் நீட்டினார். படிவத்தை மறுநாள் மும்தாஜிடமே கொடுத்தனுப்பினார்.

கால் தலையணைமேல், அட்டை தொடைமேல். எழுதினேன். ஏணி உள்ளதா? இல்லை. அலமாரிகள் பொருத்தப்பட்டுள்ளனவா? இல்லை. விபத்துகள்? ஒன்று. காயமடைந்தவர்? பாதுகாப்புப் பொறுப்பாளர். விபத்து நேர்ந்தபோது செய்துகொண்டிருந்த பணி? 'விபத்து ஏதும் நேரவில்லை என்ற அறிக்கையைக் கோப்பில் வைக்கும் பணி.' கீழே கையெழுத்து. மூன்று வருஷத்தில் நான் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டது அதுதான் முதல் முறை. சிதம்பரம் டாக்டரிடமும் உண்மையைச் சொல்லி, எழுதியதைத் திருத்தச் சொன்னேன். "அந்த பாத்ரூம் அலமாரிதானே?" என்றார்.

தையல் பிரித்து வீட்டுக்கு வந்த வாரமே மெமோ வந்துவிட்டது. 'விபத்து இன்மை எனச் சான்றளித்த அதே நாளில் தாங்கள் விபத்துக்குள்ளானது ஏன் என்பதற்குப் பதினைந்து நாட்களுக்குள் விளக்கம் அளிக்கவும்.' அறிக்கை பதினொரு மணிக்கு, விபத்து பதினொன்று நாற்பதுக்கு என்று விளக்கம் அளித்தேன். அந்த நாற்பது நிமிடம் குறித்துத் தனியே இன்னொரு விளக்கம் கேட்டிருக்கிறார்கள். பதவி உயர்வுப் பட்டியலில் என் பெயரை நிறுத்திவைத்துவிட்டார்கள். வருத்தம் இல்லை என்று சொன்னால் அது மூன்றாவது பொய். கேடயம் வேறு அலுவலகத்துக்குப் போயிற்று. அவர்கள் ஏணி வைத்திருக்கிறார்களா என்று தெரியவில்லை.

இன்று என் கணவர் வாக்கரை வைத்து எனக்கு நடை பழக்குகிறார், ஹெல்மெட் போடச் சொல்லாததுதான் பாக்கி. பாத்ரூமின் பெயர் உறவுக்காரர்களிடம் மீட்கப்பட்டுவிட்டது. அண்ணனுக்கு அவரே போன் போட்டு, அரைமணி நேரம் வகுப்பு எடுத்தார்.

மத்தியானம் மும்தாஜ் போன் செய்தாள். புது ஏணி வந்துவிட்டதாம். விபத்து என்றதும் விசாரணைக்குப் பயந்து தேர்தல் ஏணியையும் யாரோ ராத்திரியோடு ராத்திரியாகக் கொண்டுவந்து வாசலில் சாத்திவிட்டுப் போனார்களாம். அலமாரியைச் சுவரில் முடுக்கியாயிற்றாம்.

"தலைமை ஆபீஸ்லேருந்து உங்க மெமோவுக்கு நினைவூட்டு வந்திருக்கு மேடம். பழைய கடிதத்துத் தேதி கேக்குறாங்க. ஒரு நிமிஷம் இருங்க, பாத்துச் சொல்றேன்."

"ஏய், ஏறாத. வேற யாரையாவது எடுக்கச் சொல்லு. ஏணி இருந்தாலும் நீ ஏறாத."

மறுமுனையில் தாள் புரளும் சத்தம் கேட்டது.

"எங்க மேடம் ஏறுறது? உங்க ஃபைலத்தான் இப்ப டெய்லி எடுக்க வேண்டியிருக்கே, கீழ்த் தட்டுல வச்சிட்டோம். உக்காந்துக்கிட்டே எடுத்துட்டேன்."